கொடிக்கு ஒரு வீடு

சென்ற கார்த்திகை மாதத்தில் மழை விடாது பெய்த ஒரு மாலைப்பொழுதில், வெளியே செல்ல வழியின்றி, எம் விடுதியின் கீழ்த்தள வரிசையிலுள்ள பன்னிரண்டு அறைகளையும் சுற்றிவந்து அவற்றில் வளரும் செடிகளைக் கணக்கெடுத்தேன். ஒன்பது அறைகளில் 'மணி பிளாண்ட்' என்று வழங்கும் கொடி, கண்ணாடிப் புட்டியிலோ கழித்துப்போட்ட தண்ணீர்க் குப்பியிலோ நின்றுகொண்டிருந்தது. இரண்டு அறைகளில் செடி ஒன்றுமில்லை. எஞ்சிய ஓர் அறை என்னுடையது. அதன் சாளரத்தருகே மண்தொட்டி ஒன்றில் வெற்றிலைக் கொடி ஏறியிருந்தது. அதனைக் காணும் நண்பர் பலரும் நகைப்பது வழக்கம். "கடைத்தெருவில் வேண்டியமட்டும் கிடைக்கும் வெற்றிலைக்கு அறைக்குள் ஒரு தொட்டியா?" என்பார் ஒருவர். "கொல்லைப் பயிரைக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டாயே!" என்பார் மற்றொருவர். அந்நகைப்புக்கு அன்று தக்க விடை கூற என்னால் இயலவில்லை. கூற எண்ணியதை இவ்வாண்டு மலரில் எழுதத் துணிந்தேன். குற்றமிருப்பின் அன்பர்கள் பொறுத்தருள்க.

வீட்டினுள் செடி வளர்ப்பதற்கு நம் முன்னோர்க்குத் தேவையே இருந்ததில்லை. தஞ்சை நாட்டுப் பழைய வீடுகளில் நடுவே முற்றம் வானம் பார்த்திருக்கும். அதனைச் சுற்றித் தாழ்வாரம் ஓடும். பின்னே கிணற்றடியும் கொல்லையும் இருக்கும். குளித்த நீர் வாழைக்கும், பாத்திரம் துலக்கிய நீர் அவரைக்கும் செல்லும். எங்கே வீடு முடிகிறது, எங்கே தோட்டம் தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்டல் எளிதன்று. குளிர்நாட்டாரின் நிலை வேறு. வெப்பநாட்டுச் செடி அங்கே பனிக்காலத்தில் வெளியே நிற்குமாயின் மடிந்துபோகும். ஆதலின் அதனை அறைக்குள் வைத்துக் காத்தனர். இலண்டன் மாநகரில் நிலக்கரிப் புகையால் செடிகள் கருகிய காலத்தில், நத்தானியேல் வார்டு என்னும் மருத்துவர், ஒரு கூட்டுப்புழுவை ஈரமண்ணுடன் மூடிய புட்டியில் இட்டுவைத்தார். அம்மண்ணில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் தாமே முளைத்தெழக் கண்டார். இது நிகழ்ந்தது 1829-ஆம் ஆண்டளவில். புட்டி பின்னர்க் கண்ணாடிப் பெட்டியாக வளர்ந்தது. அப்பெட்டியினுள் அமர்ந்து செடிகள் பெருங்கடல்களை உயிரோடு கடந்தன. செல்வர் இல்லங்களின் கூடங்களிலும் குடிபுகுந்தன.

அங்கே குளிருக்கு அஞ்சிச் செடி உள்ளே வந்தது. இங்கேயோ, முற்றமும் கொல்லையும் போய், மாடிமேல் மாடியாக அடுக்கிய வீடுகளில் நாம் குடியேறியபின், இழந்த கொல்லைக்கு ஈடாக ஒரு புட்டிக் கொடியை உள்ளே அழைத்துக்கொள்கிறோம். இதனைக் குறை என்று கூறேன். உள்ளே அழைத்தபின் அதனை எவ்வாறு வைத்திருக்கிறோம் என்பதே என் கேள்வி.

கொடிக்கென்றே வீடு கட்டிய வேளாளர் நம் காவிரிக் கரையில் உள்ளனர். வெற்றிலை விளையும் தோட்டத்திற்குக் கொடிக்கால் என்று பெயர். திருவாரூரில் கொடிக்கால்பாளையம் என்று ஒரு பகுதியே உண்டு. பாபநாசம், இராஜகிரி, பண்டாரவாடை ஆகிய ஊர்ப்பக்கம் இரயிலில் சென்றவர், நெல்வயல்களினூடே திடீரென அகத்தி மரங்கள் நெருங்கி நின்று ஒரு சிறு காடு போலத் தோன்றுவதைக் கண்டிருப்பர். அது காடன்று, திட்டமிட்டு எழுப்பிய கட்டடம். முதலில் நீளமான மேட்டுப்பாத்திகளும் அவற்றினிடையே ஆழமான வாய்க்கால்களும் வெட்டி, பாத்தியில் அகத்தி விதையை ஊன்றுவர். அகத்தி தலைதூக்கி நிழல் தரத் தொடங்கிய பின்னரே அதன் அடியில் வெற்றிலைக் கணுக்களை நடுவர். அகத்தியே தூண், அகத்தியின் தழையே கூரை, சுற்றிலும் காற்றைத் தடுக்கும் வேலியே சுவர். வெயில் கூடினால் கூரையை அடர விடுவர். மழைநாளில் தழையைக் கழித்து வெளிச்சம் இறக்குவர். கழித்த தழை ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியாகும். பயறுவகையைச் சார்ந்த அம்மரத்தின் வேர்முடிச்சுகளோ காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணிற் சேர்த்து வைக்கும். கொடி உயர உயர அதனை நாரால் மரத்தோடு பிணைப்பர். எட்டாத உயரம் சென்றபின் அதனை அவிழ்த்து இறக்கி, அடித்தண்டைச் சுருட்டி மண்ணிற் புதைத்து, நுனியை மீண்டும் ஏற்றுவர். ஒரு கொடிக்கால் ஆண்டுமுழுதும் மனிதக் கை ஓயாது படவேண்டிய இடம். நெல்லை நட்டுவிட்டுச் சில நாள் வெளியூர் சென்று வரலாம். வெற்றிலையை அங்ஙனம் விட இயலாது.

என் பாட்டனார் இத்தகைய கொடிக்கால் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்துப் பல ஆண்டு நடத்தியவர். செருப்புக் காலோடு எவரையும் உள்ளே விடமாட்டார். தீட்டு என்று சொல்லிப் பெண்டிரைச் சில நாட்களில் விலக்கும் வழக்கமும் அங்கே இருந்தது. இப்பின்னைய வழக்கத்திற்கு யாதொரு நியாயமும் யான் கண்டிலேன், அது ஒழியத்தக்கதே. செருப்பைப் பற்றியோ, யான் நகைத்திருந்ததற்குப் பின்னர் வெட்கமுற்றேன். கொடியை ஒரே வாரத்தில் சாய்க்கும் வாடல்நோய்க்குக் காரணமான நுண்ணுயிர் ஈரமண்ணில் வாழ்வது. ஒரு தோட்டத்துச் சேறு மற்றொரு தோட்டத்திற்குக் காலணியோடு செல்லுமாயின் நோயும் உடன் செல்லும். இதனைத் தாவரவியல் வகுப்பிற் கற்றேன். பாட்டனார் அதனைப் பயபக்தியின் பெயரால் செய்துவந்தார்.

இனி மணி பிளாண்டுக்கு வருவோம். பசிபிக் மாகடலில் தாகித்தித் தீவினை அடுத்துள்ள மொரேயா என்னும் சிறு தீவே அதன் தாயகம். 1880-ல் ஐரோப்பியத் தாவர நூலார் அதற்குப் பெயரிட்டனர். அன்று முதல் மனிதர் கையாலேயே உலகெங்கும் சென்றது. இலங்கை முதலிய சில நாடுகளில் தோட்டத்தினின்று தப்பிக் காடேறி மரங்களை மூடும் களையாகவும் ஆயிற்று. அது சேம்பு, கருணை இவற்றின் இனம். ஆதலின் கருணைக்கிழங்கு நாவைக் காறச் செய்வது எக்காரணத்தாலோ, அக்காரணமாகிய ஆக்ஸலேட் ஊசிப்படிகங்கள் இதன் இலையிலும் உண்டு. வெற்றிலையோ மிளகின் இனம். இரண்டும் இதயவடிவ இலையுடையன. வீட்டிற் குழந்தைகள் இருப்பின் ஒன்றை மற்றொன்றாகக் கருதி வாயிலிடாதபடி காத்தல் வேண்டும்.

இவ்விரண்டிற்கும் வியக்கத்தக்கதோர் ஒற்றுமையும் உளது. பூவும் காயும் இன்றி வெறும் இலையே பயனாக நிற்றலின் வெற்றிலை என்று பெயர் வந்தது என்பர். அதற்குப் பூங்கதிர் இல்லாமல் இல்லை. ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறாதலாலும், கணுவை நட்டே பெருக்குவதாலும், நாம் காய்க்கக் காண்பது அரிது. மணி பிளாண்டோ மெய்யாகவே பூப்பதில்லை. பூக்கத் தூண்டும் ஜிப்பரெல்லின் என்னும் பொருளைத் தன்னுள் ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் அதற்குக் குன்றிவிட்டது என 2016-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. பொருளை நோக்கின், வெற்றிலை என்னும் பெயருக்கு நம் வெற்றிலையைக் காட்டிலும் உரியது அதுவே.

அது ஏன் இத்துணைப் பேர் அறைகளில் இடம்பெற்றது? செல்வம் தரும் என்பர். அதிலும் பிறர் வீட்டுக் கொடியைக் கேளாமற் கிள்ளிவந்து வைத்தால்தான் பலிக்கும் என்பர். திருட்டால் வரும் செல்வம் என்பதை இத்துணை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட நம்பிக்கை வேறொன்று உண்டோ, அறியேன். படித்தவர் இதனை நம்புவதில்லை. அவர் நம்புவது மற்றொன்று. அறையின் காற்றை அது தூய்மையாக்கும் என்பதே அது. அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா 1989-ல் வெளியிட்ட ஆய்வறிக்கையை அதற்குச் சான்று காட்டுவர். அவ்வாய்வு நிகழ்ந்தது மூடிய சிறு கூண்டுகளுக்குள். நாம் வாழும் அறைக்கோ கதவும் சாளரமும் உண்டு. அத்தகைய ஆய்வுகள் பலவற்றை ஒருங்கே வைத்துக் கணக்கிட்ட இருவர், திறந்த சாளரம் இயல்பாகச் செய்யும் பணியைச் செடிகள் செய்யவேண்டுமாயின், ஒவ்வொரு சதுர மீட்டர் தரைக்கும் 10 முதல் 1,000 செடிகள் வேண்டும் என 2019-ல் எழுதினர். அத்துணைச் செடிகளை வைத்தபின் நாம் படுக்கக் கொடிக்காலுக்குத்தான் செல்ல வேண்டும்!

உண்மைக் காரணம் இவ்விரண்டுமன்று என்பது என் கருத்து. அக்கொடி புறக்கணிப்பைப் பொறுத்துக்கொள்கிறது. இருட்டு மூலையில் வைத்தாலும் சாவதில்லை, வெறுந்தண்ணீரிலும் வேர்விடுகிறது, கோடை விடுமுறைக்கு நாம் ஊர் சென்று திரும்பும்வரை காத்திருக்கிறது. நமக்கு வேண்டியதும் அதுவே. கவனிக்கத் தேவையில்லாத உயிரொன்று கிடைத்ததென்று மகிழ்ந்து, அதனைக் கவனிப்பதேயில்லை. மாமரத்திலோ பனையிலோ ஏறவிட்ட மணி பிளாண்டைக் கண்டிருக்கிறீர்களா? மேலே ஏற ஏற அதன் இலை முறம்போல் விரிந்து, ஓரம் கிழிந்து, நம் அறையிலுள்ள கொடிக்கும் அதற்கும் உறவுண்டு என்றே எவரும் கூறார். ஏறுவதற்குப் பிடிப்பில்லாது தொங்கவிட்டாலோ இலை சிறுத்துக்கொண்டே போகும். நம் ஒன்பது அறைகளிலும் இருப்பவை சாகாதவை. வாழ்பவை என்று சொல்ல நா எழவில்லை.

புட்டி நீரைப் பற்றியும் ஒரு சொல். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய தெளிந்த நீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரத்திற்குச் சற்று மேற்பட்ட நாட்களே போதும். ஆதலின் வாரம் ஒருமுறையேனும் நீரைக் கொட்டி, புட்டியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, புதுநீர் விடல் வேண்டும். யான் கணக்கெடுத்த அன்று நான்கு புட்டிகளில் புழு நெளிந்தது. எவருடையவை என்று இங்கே எழுதேன், அவர்க்குத் தெரியும்.

பாட்டனாரின் கொடிக்கால் இரண்டாண்டுக்கு முன் அழிந்தது. கிள்ளவும் கட்டவும் ஆள் கிடைப்பது அரிதாயிற்று; ஒரு மழைக்காலத்தில் வாடல்நோய் பாதியைத் தின்றது; கவுளிக்கு வந்த விலை கூலிக்குக் காணவில்லை; நிலத்துக்கு உரியவர் அதனை மனைக்கட்டாக்கி விற்றார். கொடிக்காலில் ஓடி விளையாடி வளர்ந்த யான், அது இருந்தவரை ஒருநாளும் ஒரு கொடியைக் கூர்ந்து நோக்கியவனல்லேன். கல்லூரியில் தோழரிடம் பாட்டனார் தொழிலை 'விவசாயம்' என்று பொதுவாகச் சொல்வேனேயன்றி, வெற்றிலை என்று சொல்லக் கூசியதும் உண்டு. அகத்தியை வெட்டிச் சாய்த்த நாளில் ஊரிலிருந்தேன். கடைசி வரிசையில் மிஞ்சிய கொடியில் மூன்று கணுவுள்ள துண்டுகள் ஐந்தாறு நறுக்கி, ஈரத்துணியிற் சுற்றி விடுதிக்குக் கொண்டுவந்தேன்.

முதலில் நட்டவை அனைத்தும் அழுகின. காவிரிக் கரைப் பயிராயிற்றே என்று நாள்தோறும் இருவேளை நீர் ஊற்றினேன். நெகிழித் தொட்டியின் அடியில் துளையுமில்லை. பாட்டனாரிடம் தொலைபேசியிற் கூறியபோது அவர் சினந்துகொள்ளவில்லை. "தண்ணி காட்டு தம்பி, தேக்கிப்புடாதே," என்றார். கொடிக்காலில் வாய்க்கால் எதற்கு வெட்டினர் என்பது அப்போதுதான் விளங்கிற்று: நீர் தருவதற்கு மட்டுமன்று, நீர் வடிவதற்கும்.

மீண்டும் நட்டவை பிழைத்தன. செய்தது இவ்வளவே. அடியில் துளையுள்ள மண்தொட்டி. தோட்டமண்ணும் மட்கிய எருவும் சமபங்கு. ஆற்றுமணல் ஒரு கைப்பிடி (அதற்குமேல் எடுக்க ஆற்றிலும் மீதமில்லை). நட்ட கணுக்களுள் ஒன்றேனும் மண்ணுள் இருக்கவேண்டும். ஏறுவதற்கு ஒரு மூங்கில் கழி; அதன்மேல் தென்னம்பன்னாடையைச் சுற்றிக் கயிற்றால் கட்டினேன். பன்னாடையை நாள்தோறும் ஈரமாக்கினால் கணுதோறும் தோன்றும் பற்றுவேர் அதனைக் கவ்விக்கொள்கிறது. மேல்மண் விரலுக்கு உலர்ந்ததாகப் பட்டபின்னரே நீர். கோடையில் இலைகளின்மேல் நீர் தெளித்துத் துணியால் துடைப்பேன். ஏனெனில் தஞ்சையின் சித்திரைக் காற்றும் மின்விசிறியும் சேர்ந்து கொழுந்தைச் சுருட்டிவிடும்.

வெளிச்சத்தைப் பற்றித்தான் பெரிதும் ஏமாந்தேன். உச்சிவெயிலில் வெளியே ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ் அளவு ஒளி இருக்குமாயின், அறையின் உட்புறத்தில் சில நூறே இருக்கும். நம் கண் விரிந்து சுருங்கித் தன்னைச் சரிப்படுத்திக்கொள்வதால் இவ்வேற்றுமை நமக்குத் தெரிவதில்லை, இலைக்குத் தெரியும். மேசைமேல் வைத்த கொடியில் கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி நீண்டு, இலை வெளுத்துச் சிறுத்தது. கிழக்குச் சாளரத்துக்கு ஒரு முழ தூரத்தில், காலை வெயில் மட்டும் சற்றே படும்படி நகர்த்தியபின், மூன்றாம் இலையே கருமை பெற்றது. நிழற்பயிர் என்பதற்கு இருட்டுப்பயிர் என்று பொருளன்று. அகத்தியின் தழைக்கூரை அரித்து விடும் ஒளி, நம் அறையின் நடுவில் உள்ள ஒளியைவிடப் பன்மடங்கு மிகுதி.

ஆதலின் யான் வற்புறுத்துவது இது: கொடியை வீட்டுக்குள் கொண்டுவருவோர், அறையின் ஒரு மூலையையேனும் கொடிக்காலாக மாற்றித் தருதல் வேண்டும். ஏறத் தூண், அளவான ஒளி, வடியும் நீர், அடிக்கும் காற்றுக்குத் தடுப்பு. மணி பிளாண்ட் வளர்ப்போரும் இதனைச் செய்யலாம்; அதற்கும் ஒரு பன்னாடைக் கழி நட்டுப் பாருங்கள். தஞ்சை நாட்டு மாணவர்க்கோ வெற்றிலையே தகும் என்பேன். அது புறக்கணித்தவுடன் வாடிக் காட்டும். அதனால் நம்மையும் விழிப்பாக வைத்திருக்கும்.

இதற்கு எதிராகச் சொல்லத்தக்கது ஒன்றுண்டு. வெற்றிலையைப் போற்றுதல் தாம்பூலப் பழக்கத்தைப் போற்றுதலாகாதோ என்று நம் பேராசிரியர் ஒருவர் வினவினார். நேர்மையான வினா. புகையிலை சேர்ந்தாலும் சேராவிட்டாலும் வெற்றிலைபாக்கு மெல்லுதல் புற்றுநோய் விளைக்கும் என்றும், பாக்கு தானே அத்தகையது என்றும், உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-ல் முடிவு கூறிற்று. மதுரையில் கோவலனின் கடைசி உணவுக்குப்பின் கண்ணகி வெற்றிலையும் பாக்கும் ஈந்தாள் என்பது சிலப்பதிகாரம் கூறும் செய்தி. நிச்சயதாம்பூலமின்றி நம் ஊரில் மணம் இல்லை. எத்துணைப் பழைமையும் பெருமையும் இருப்பினும், அவ்வாராய்ச்சியை அவை மாற்றமாட்டா. என் பாட்டனாரே மெல்லுவதை விட்டுப் பல ஆண்டுகளாயின. யான் வளர்ப்பது மெல்லுதற்கன்று. பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் செய்யும் தீங்கிற்காக இலையை வீட்டைவிட்டு விரட்டுதலும் முறையன்று. சளிகண்டபோது ஓரிலையை மிளகோடு கொதிக்கவைத்துக் கொடுக்கும் வழக்கம் நம் இல்லங்களில் இன்றும் உண்டு. தட்டில் வைத்து விருந்தினரை வரவேற்றல் மெல்லாதவரும் செய்யத்தக்கதே.

கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன் 2023-ல் சோழவந்தான் வெற்றிலையும் ஆத்தூர் வெற்றிலையும் அதனைப் பெற்றிருந்தன. செய்தியைப் படித்து விடுதியில் பலர் பெருமைப்பட்டனர். பெயர் இன்னதென்று சட்டம் காத்துவிட்டது; கிள்ளும் கையை அது காக்குமோ என்பது வேறு வினா. அன்று பெருமைப்பட்டவருள் எத்துணைப் பேர் கொடிக்காலுள் ஒருமுறையேனும் நுழைந்திருப்பர்? யானும் பேசத் தகுதியுடையேனல்லேன். ஆயினும் நம் கல்லூரித் தாவரவியற் பகுதியாருக்கு ஒரு விண்ணப்பம்: ஆய்வுக்கூடத்தின் வடபுறத் தாழ்வாரத்தில் வெறுமையாகக் கிடக்கும் இடத்தில் நாலு தொட்டி வெற்றிலையும், பக்கத்தில் இரண்டு அகத்தியும் வையுங்கள். இரயிலில் அரைமணிநேரத் தொலைவில் விளையும் பயிரை, கணுவும் பற்றுவேரும் கையில் பிடித்துக் காண மாணவர்க்கு வாய்ப்புண்டாகும். இயலுமாயின், கொடிக்கால் நடத்தும் முதியவர் ஒருவரை ஆண்டுக்கு ஒருநாள் அழைத்துக் கொடி கட்டிக் காட்டச் செய்யுங்கள். அவரை வகுப்பினுள் நாற்காலியில் அமர்த்துங்கள். வாசலில் நிறுத்த வேண்டா.

என் கொடி இப்போது கழியின் உச்சியைக் கடந்து சாளரக் கம்பியைப் பற்றிவிட்டது. இந்தத் தை மாதத்தில் அதனை இறக்கிக் கட்டவேண்டும். எவ்வாறு சுருட்டுவது என்று கேட்கப் பொங்கல் விடுமுறையில் ஊருக்குச் செல்கிறேன். இறக்கும்போது பத்துப் பன்னிரண்டு கணுத்துண்டுகள் மிஞ்சும். வேண்டுவோர் ஏழாம் எண் அறைக்கு மண்தொட்டியோடு வரலாம். திருட வேண்டுவதில்லை, கேட்டாலே தருவேன். வரும்போது செருப்பை மட்டும் வெளியே விட்டுவிடுக.